எண்ணெய்த்தோணியில் ஒரு துணை மேயர்

கல்லாற்றங்கரை ஆயுர்வேத நிலையத்தில் இப்போது வரவேற்பில் இருக்கிற பெண்கள் போன மாதம் எனக்குப் போன் செய்தார்கள். புதிதாக ஒரு வெள்ளைக்காரர் வந்திருக்கிறாராம். தங்கமான மனிதராம், எல்லோருக்கும் சாக்லேட் கொடுக்கிறாராம். ஆனால் இணையத்தில் பெயரைத் தட்டிப் பார்த்தால், வெளிநாட்டுக்காரர்களை எல்லாம் விரட்டியடிக்க வேண்டும் என்று தன் நாட்டில் மேடை மேடையாகப் பேசுகிறவராம். "கோமதி சேச்சீ, இவர்கிட்ட எப்படி நடந்துக்கறது?" என்று ஒருத்தி கேட்டாள். கஷாயத்தில் ஒரு அவுன்ஸ் கூட்டிக் கொடு என்றேன். அவள் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டாள் என்றே சந்தேகம். கஷாயம் கூடிப்போய் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுவதற்குள், எனக்குத் தெரிந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன்.

நான் கோமதி. திருவனந்தபுரத்தில் கரமனை அக்கிரகாரத்தில் பிறந்து, அதே தெருவில் வாழ்க்கைப்பட்டு, நாலு வாசல் தள்ளிக் குடித்தனம் போனவள். உலகம் சுற்றாத எனக்கு ஜெர்மன் மொழி வாய்த்தது வெறும் விபத்து. அரசு வேலைக்கான ரேங்க் லிஸ்டில் பெயர் வந்திருந்தது. ஆர்டர் வரும் வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று டைப்ரைட்டிங் சேரப் போனேன், இடம் இல்லை. அதே கட்டிடத்தின் மாடியில் ஜெர்மன் வகுப்பில் இடம் இருந்தது, மின்விசிறியும் ஓடியது. சேர்ந்துவிட்டேன். ஆர்டர் இன்றைக்கு வரைக்கும் வரவில்லை, ஜெர்மன் வந்துவிட்டது. கொஞ்ச காலம் கோவளத்தில் சுற்றுலா வழிகாட்டியாக வெயிலில் காய்ந்தேன். தொண்ணூறுகளின் நடுவில், பொன்முடி மலைக்குக் கீழே கல்லாற்றங்கரையில் சுகுமாரன் முதலாளி ஆயுர்வேத நிலையம் தொடங்கியபோது, மொழிபெயர்ப்புக்கு என்னைக் கூப்பிட்டார். காலையில் பழவங்காடிப் பிள்ளையார் கோவில் முன்னால் நிலையத்தின் வேன் வந்து நிற்கும். ஏறி உட்கார்ந்தால் மலையடிவாரம் வரை தூக்கம். ஓய்வு பெறும் வரை அதுதான் என் உத்தியோக வாழ்க்கை.

என் மேலதிகாரி முதலாளி அல்ல, நாராயணன் வைத்தியர். மலையாளி; நாகர்கோவில் பக்கம் சில வருஷம் இருந்ததால் என்னோடு தமிழில்தான் பேசுவார், ஓரத்தில் கொஞ்சம் மலையாளம் ஒட்டிக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவரைத் தன் முன்னால் உட்காரவைத்து, நாடி பார்த்து, பிறகு கேள்விகளைத் தொடங்குவார். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. பசி எப்படி, தாகம் எப்படி, மலம் தண்ணீரில் மிதக்கிறதா மூழ்குகிறதா, உறக்கம் எப்படி, கனவில் என்ன வருகிறது, எதற்குப் பயம். ஒரு கேள்வியையும் நான் விழுங்கக் கூடாது. வங்கித் தலைவராக இருந்தாலும், பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தாலும், மிதப்பதா மூழ்குவதா என்று நான் முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்டே ஆகவேண்டும். "நாணிக்க வேண்டாம் கோமதி, நாணம் வைத்தியத்துக்குள்ளே கேறக் கூடாது" என்பார். எனக்கு நாணம் போனதே அந்த அறையில்தான்.

அப்படித்தான் க்ரூபர் வந்தார். ஆஸ்திரியா நாட்டில் ஒரு மலையூரில் ஓட்டல் நடத்துகிறவர். ஆறடி உயரம், அதற்கேற்ற கனம், இடுப்பில் பிடித்துக்கொண்ட வலி. மிதப்பது மூழ்குவது வரை சமர்த்தாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"உறக்கம் எப்படியாக்கும்?" என்றார் வைத்தியர்.

"உறக்கமே இல்லை. எங்கள் ஊர் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது" என்றார் க்ரூபர்.

"யாரு கைக்குப் போகுது?"

"வெளிநாட்டுக்காரர்கள் கைக்கு."

வைத்தியர் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார். "ஊர்ல எத்தனை வெளிநாட்டுக்காரங்க உண்டுன்னு கேளு."

க்ரூபர் யோசித்தார். ரொட்டியில் இறைச்சியைச் சுருட்டி விற்கிற ஒரு துருக்கிக் குடும்பம். போஸ்னியாவில் சண்டை வந்தபோது ஓடிவந்த ஒரு விதவையும் அவள் பிள்ளைகளும். அவ்வளவுதான்.

"அவங்க இவரை ஏதாவது செஞ்சாங்களா?"

"இதுவரைக்கும் இல்லை."

"இவரு அவங்களைப் பாக்கறதுண்டா?"

"ரொட்டி வாங்கப் போகும்போது பார்ப்பேன். நல்ல ருசி" என்றார் க்ரூபர்.

வைத்தியர் பேனாவை எடுத்தார். "உறக்கம் இல்லை, இல்லாததை நினைச்சுப் பயம் உண்டு. வாயு தலைக்குக் கேறியிருக்கு, கேட்டோ. வாதக் கோளாறாக்கும். நெற்றியில எண்ணெய் ஒழுக்கற தைலதாரையும், குடிக்கக் கஷாயமும் எழுதறேன்."

ஐரோப்பாவில் வலதுசாரிக் கட்சிகள் ஏன் தழைக்கின்றன என்று பின்னாளில் பெரிய பெரிய அறிஞர்கள் எழுதியதை எல்லாம் நான் படித்திருக்கிறேன். மூடிய ஆலைகள் என்கிறார்கள், உலகமயம் என்கிறார்கள், அடையாளச் சிக்கல் என்கிறார்கள். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அவர்களில் ஒருவராவது மருந்து எழுதியிருக்கிறார்களா? எங்கள் வைத்தியர் எழுதினார். இரண்டு வேளை, ஆகாரத்துக்கு முன்பு.

சிகிச்சை அறையின் ஒழுங்கையும் சொல்ல வேண்டும். ஆண்களுக்கு ஆண்கள்தான் எண்ணெய் தேய்ப்பார்கள். தோணி மாதிரிக் குடைந்த நீளமான மரப்பலகையில், கோவணம் ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் ஆளைக் கிடத்தி, பக்கத்தில் நின்று, ஒரே வேகத்தில் ஒரே அழுத்தத்தில் கழுத்திலிருந்து கால் வரை இழுப்பார்கள். மொழிபெயர்ப்புக்காரி பெண்பிள்ளை ஆயிற்றே. ஆகவே வாசலில் ஒரு நீலத்துணித் திரை, திரைக்கு வெளியே எனக்கு ஒரு ஸ்டூல். வலிக்கிறதா, சூடு போதுமா, திரும்பிப் படுங்கள். திரை வழியாகப் போய்வருகிற வார்த்தைகள் இவ்வளவுதான் என்று சட்டம். க்ரூபர் அந்தச் சட்டத்தை முதல் நாளே உடைத்தார். பலகையில் படுத்ததும் மனிதருக்குப் பேச்சு பீறிட்டுக் கிளம்பும்.

அவருக்கு எண்ணெய் தேய்க்கிற பொறுப்பு எட்வினுக்கு. எல்லைப் பக்கம் பாறசாலைக்காரன், தமிழ்ப் புராட்டஸ்டண்டுக் குடும்பம், என்னை அக்கா என்பான். கையில் அப்படி ஒரு பதம். அவன் தேய்த்தால் குறட்டை விடாதவர்கள் இல்லை. வீட்டில் மனைவி ஷீலாவும், பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த ஜெனி என்கிற பெண்குழந்தையும். எட்வினுடைய அண்ணன் வளைகுடாவில் வேலை பார்த்தவர். விடுமுறையில் வந்தபோது சொந்தப் பிள்ளையே அவரைப் பார்த்து அழுதுகொண்டு அம்மா பின்னால் ஒளிந்ததாம். "நான் போனா குடும்பத்தோடதான் போவேன் அக்கா. இல்லேன்னா இஞ்சயே எண்ணெய் காய்ச்சிட்டுக் கெடப்பேன்" என்று அவன் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான்.

திரைக்கு அப்பால் க்ரூபர் பாடிய பல்லவியைக் கேளுங்கள். வெளிநாட்டுக்காரர்கள் எங்கள் மொழியைக் கற்றுக்கொள்வதில்லை என்பார். குளிர்காலம் தோறும் வந்த மனிதர், 'நன்றி' என்று ஒரு வார்த்தை மலையாளத்தில் சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் எங்கள் சாப்பாட்டைச் சாப்பிடுவதில்லை என்பார். பத்தியக் கஞ்சியை ஓரமாகத் தள்ளிவிட்டு, பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த பன்றி இறைச்சியைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டவர் இவர். அவர்கள் யாரோடும் ஒட்டுவதில்லை, தங்களுக்குள்ளேயே கூடிக்கொள்கிறார்கள் என்பார். ஆற்றைப் பார்த்த மேசை ஜெர்மன் பேசுகிறவர்களுக்கு மட்டும் வேண்டும், இத்தாலிக்காரர்கள் சத்தம் போடுகிறார்கள் என்று முதலாளியிடம் மனுக் கொடுத்ததும் சாட்சாத் இவரே. அவர்களுக்கு உடுத்தத் தெரியவில்லை என்று ஒரு நாள் தொடங்கினார். கோவணத்தோடு படுத்துக்கொண்டு அதைச் சொல்ல ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

"என்னவாம் அக்கா? சூடு போதாதாமா?" என்பான் எட்வின். போதுமாம் என்பேன்.

சிரிக்காதீர்கள். எங்கள் தெருவுக்கும் இந்த வாதக் கோளாறு உண்டு. திருநெல்வேலியிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து கரமனையில் குடியேறிய வம்சம் நாங்கள். இத்தனை தலைமுறைக்கு அப்புறமும் பஸ்ஸில் தமிழ் பேசினால் "பாண்டியா?" என்று தமிழர்களுக்கான ஏளனப் பெயரைச் சொல்லித் திரும்பிப் பார்க்கிறவர்கள் உண்டு. அப்போது எங்களுக்கு மூக்கு சிவக்கும். அதே நாங்கள், தெருக்கோடியில் அடுக்குமாடி எழும்பி வெளியூர் ஜனங்கள் வந்தபோது என்ன பேசினோம்? "கண்ட கண்டவாள்லாம் வந்துட்டா, இனிமே இந்தத் தெரு தெருவா இருக்குமோ?" என்று என் மாமியாரே அங்கலாய்த்தார். க்ரூபரும் என் மாமியாரும் சந்தித்திருந்தால் மொழிபெயர்ப்பே தேவைப்பட்டிருக்காது.

வருஷங்கள் போகப் போக க்ரூபரின் முதுகு தேறியது, கட்சியும் தேறியது. கட்சியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. முதல் குளிர்காலத்தில் அவர் புலம்புகிற வாக்காளர். அடுத்து வந்தபோது ஊர்மன்ற உறுப்பினர். இரண்டாயிரம் பிறந்த சமயத்தில் தலைநகரில் அந்தக் கட்சியே ஆட்சியில் பங்காளியாகிவிட்டது. மற்ற ஐரோப்பிய நாடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. சில மாதம் கழித்து முகத்தைப் பழையபடி திருப்பி வைத்துக்கொண்டன. எங்கள் நிலையத்துக்கு வந்த பிரெஞ்சுக்காரர், டென்மார்க்காரர், ஹாலந்துக்காரர் எல்லோரும் ஆஸ்திரியாவைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். எங்கள் நாட்டில் அப்படி நடக்காது என்றார்கள். அவரவர் நாட்டிலும் அப்படி ஒரு கட்சி ஓட்டுகளை அள்ளத் தொடங்கியதும், எங்கள் நாட்டு விஷயம் வேறு என்றார்கள்.

ஒரு நாள் திரைக்கு அப்பாலிருந்து க்ரூபரே எனக்குப் பாடம் நடத்தினார். "நாங்கள் ஜெயிக்கவே வேண்டாம் கோமதி அம்மையாரே. ஜெயித்துவிடுவோம் என்ற பயம் மற்றவர்களுக்கு இருந்தால் போதும். நாங்கள் நேற்றுக் கத்தியதை அவர்கள் இன்று மரியாதையான வார்த்தையில் சொல்கிறார்கள். நாளைக்கு அதுவே சட்டம்." கெட்டிக்காரர்தான், மறுப்பதற்கில்லை. இதை எட்வினுக்கு மொழிபெயர்க்கவில்லை. சூடு போதுமாம் என்று மட்டும் சொன்னேன்.

இதற்கு நடுவில் க்ரூபருக்கு ஓர் ஆசை வந்தது. தன் ஓட்டலில் ஆயுர்வேதப் பகுதி திறக்க வேண்டும், அதற்கு எட்வின் வேண்டும். வெளிநாட்டுக்காரனை வேலைக்கு வைக்கலாமா என்று நான் வெகுளியாகக் கேட்டேன். "எட்வின் வெளிநாட்டுக்காரன் இல்லை, எட்வின் எட்வின்" என்றார். என் அனுபவத்தில் அந்தக் கட்சிக்காரர்கள் எல்லோரிடமும் இப்படி ஒரு ஆள் உண்டு. முதுகு தேய்க்க ஒருவர், அம்மாவைக் குளிப்பாட்ட ஒருத்தி, தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர். அந்த ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும்தான் ஊரைக் கெடுக்கிறார்களாம். எட்வின் தன் நிபந்தனையைச் சொன்னான்: ஷீலாவும் ஜெனியும் கூட வர வேண்டும். க்ரூபர் தாராளமாகத் தலையாட்டினார். வேலை அனுமதிக்கு விண்ணப்பம் போட்டார்.

அந்த வருஷம் அவர் ஊரில் தேர்தல். ஜெயித்தால் துணை மேயர் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இங்கே சுகுமாரன் முதலாளி சும்மா இருப்பாரா? பழவங்காடிக்குப் போய் க்ரூபரின் பெயர் சொல்லிப் பிள்ளையார் முன்னால் தேங்காய் உடைத்தார். வெளிநாட்டுக்காரர்களை விரட்டுகிற கட்சி ஐரோப்பாவில் ஜெயிப்பதற்கு, திருவனந்தபுரம் கிழக்கே கோட்டை ஓரத்தில் ஒரு விநாயகர் கூலி வாங்கிக்கொண்டார். ஜெயித்தும் விட்டார்கள்.

இனி வருவதுதான் எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாத காரியம். திருவனந்தபுரத்தில் ஒருவர் பரீட்சை பாஸ் செய்தால், மாலை. வேலையில் சேர்ந்தால், மாலை. வேலையை விட்டால், பெரிய மாலை. எதற்கும் ஒரு 'ஸ்வீகரணம்', அதாவது பாராட்டு விழா, நடத்தாமல் எங்களால் மூச்சு விட முடியாது. நம்முடைய விருந்தாளி துணை மேயராகி வருகிறார், விடலாமா? முதலாளி முற்றத்தில் பந்தல் போட்டார், குத்துவிளக்கு வைத்தார், 'எங்கள் சொந்தத் துணை மேயருக்கு நல்வரவு' என்று துணியில் எழுதிக் கட்டினார். பொன்னாடை போர்த்த வார்டு மெம்பரைக் கூப்பிட்டார். மெம்பரோ செங்கொடிக் கட்சி.

மேடை ஏறும் முன்னால் மெம்பர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மேடம், இவரு எந்தக் கட்சி? ஒரு வார்த்தை பேசணுமே."

"அங்க தொழிலாளிகள் நிறையப் பேர் ஓட்டுப் போடற கட்சி" என்றேன். அது உண்மைதான், நான் பொய் சொல்வதில்லை.

"அப்போ நம்ம ஆளு!" என்றார் மெம்பர். போய், பொன்னாடையைப் போர்த்தி, உலகத் தொழிலாளர் ஒற்றுமையைப் பற்றி வெகுநேரம் பேசினார். சுருக்கமாக மொழிபெயர்த்தேன். க்ரூபர் எழுந்து நின்று கை தட்டினார்.

நெற்றியில் சந்தனம், தோளில் பொன்னாடை, சுற்றிலும் நிலையத்து ஆட்கள் அத்தனை பேர். மனிதர் உருகிப்போனார். நன்றி சொல்ல எழுந்தவர், எட்வினைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். "இந்தக் கைகள் இனி என் ஓட்டலில் வேலை செய்யும். எட்வினும் மனைவியும் குழந்தையும் எங்கள் ஊரில், எங்களில் ஒருவராக வாழ்வார்கள்" என்றார். நான் மைக்கில் சொன்னேன். பந்தல் அதிர்ந்தது. ஷீலா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எல்லோருக்கும் அடைப்பிரதமன் பாயசம். மறுநாள் மலையாளப் பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தில் படம் வந்தது, தோளில் கை போட்ட அதே படம்.

எங்கள் விருந்தாளிகளில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். க்ரூபர் ஊருக்கு அடுத்த ஊர். க்ரூபரைக் கண்டாலே அவருக்குப் பித்தம் தலைக்கேறும். படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். அந்தப் பத்திரிகையைப் பத்திரமாக மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார். ஊருக்குப் போனதும் உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். 'நம் வேலை நமக்கே' என்று ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டி ஜெயித்த துணை மேயர், நெற்றியில் சந்தனத்தோடு, அத்தனை வெளிநாட்டுக்காரர்கள் நடுவில், ஒரு வெளிநாட்டுக் குடும்பத்தையே ஊருக்குக் கூட்டிவருகிறேன் என்று சத்தியம் செய்கிறார்! அங்கே என்ன கூத்து நடந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

எங்களுக்கு அது எதுவும் அப்போது தெரியாது. எட்வின் ஜெனிக்குப் பள்ளிக்கூடத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டான். அவர்கள் சபையில் வழியனுப்பு ஜெபம் நடத்தி, மூன்று பேருக்கும் கம்பளிச் சட்டை கொடுத்தார்கள். பாறசாலை வெயிலில் ஜெனி அதைப் போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாளாம். நிலையத்திலும் வழக்கம்போல் ஒரு மாலை போட்டாகிவிட்டது. விசா நேர்காணலுக்கு ஒரு தாள் மட்டும் ஆஸ்திரியாவிலிருந்து வர வேண்டியிருந்தது.

தாள் வரவில்லை, போன் வந்தது. முதலாளியின் அறையில் ஸ்பீக்கரில் போட்டோம். எட்வின் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். க்ரூபரின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. சூழ்நிலை சரியில்லை, விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுவிட்டேன் என்றார். கட்சியில் கேள்வி கேட்டார்களாம். வாயை அடைக்க, வெளிநாட்டு வேலையாட்களின் குடும்பங்களை ஊரில் குடியேற்றக் கூடாது என்று மன்றத்தில் அவரே ஒரு தீர்மானம் கொண்டுவந்தாராம். "ஒருமனதாக நிறைவேறியது. எதிர்க்கட்சிக்காரர்கள்கூட எங்களோடு கை தூக்கினார்கள்!" என்றார். அந்தக் குரலில் பெருமை இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். கடைசியில், எட்வின் மேல் தனக்குத் தனிப்பட்ட முறையில் எதுவும் இல்லை, இது வெறும் அரசியல் என்று சொல்லச் சொன்னார்.

சொன்னேன். அந்தப் போனைப் பிடுங்கி ஆற்றில் எறியலாமா என்றிருந்தது. எட்வின், "அந்தக் கம்பளிச் சட்டையெல்லாம் சபையில திருப்பிக் கொடுக்கணுமா அக்கா?" என்று கேட்டான். நான் அவன் முன்னால் அழக் கூடாது என்று வெளியே போய்விட்டேன்.

பாறசாலையில் அவனுக்குப் புதுப் பெயர் விழுந்தது. 'ஆஸ்திரியா'. டீக்கடையில் "ஆஸ்திரியாவுக்கு ஒரு சாயா" என்பார்களாம். ஜெனி அதே பள்ளிக்கூடத்துக்கு, அதே வகுப்புக்குத் திரும்பிப் போனாள். போகிறேன் போகிறேன் என்று தோழிகளிடம் பென்சில், ரப்பர் எல்லாம் பங்கு வைத்துக் கொடுத்திருந்தாளாம். திருப்பிக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள் என்று ஷீலா சொன்னாள். புது ஊரைக் கண்டு பயப்படாத அந்தக் குழந்தை, அந்த வகுப்பைக் கண்டுதான் பயந்தது.

அடுத்த குளிர்காலத்தில் க்ரூபர் வர மாட்டார் என்று நினைத்தோம். அதெப்படி வராமல் இருப்பார், முதுகு வலிக்குமே! எல்லோருக்கும் சாக்லேட் பெட்டியோடு வந்து இறங்கினார். வைத்தியர் வழக்கமான வரிசையில் கேட்டார்.

"உறக்கம்?"

"இல்லை."

"ஏன்? அந்த வெளிநாட்டுக்காரங்க?"

துருக்கிக் குடும்பம் கடையை மூடிவிட்டுப் போய்விட்டது, விதவையும் வேறு ஊருக்குப் போய்விட்டாள், இப்போது ஒருவரும் இல்லை என்றார் க்ரூபர். ராத்திரி பசித்தால் ஊரில் ஒரு கடை திறந்திருப்பதில்லை என்று குறையும் பட்டுக்கொண்டார்.

"அப்போ பயம் குறைஞ்சுதா?"

"கூடியிருக்கிறது. மறுபடியும் வந்துவிடுவார்களோ என்று."

வைத்தியர் என்னைப் பார்த்தார். "நான் அன்னிக்கே சொன்னேன் அல்லே?" என்றார். இவருக்கு எண்ணெய் தேய்க்க யாரைப் போடுவது என்று எட்வினையே கூப்பிட்டுக் கேட்டார். சிகிச்சையாளர்களின் இஷ்டத்தை அவர் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "வேண்டாம்னா சொல்லிக்கோ, வேற ஆளு உண்டு." எட்வின் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "நானே செய்யுதேன் வைத்தியரே" என்றான். எனக்கு எட்வின் மேலேயே கோபம் வந்தது. மானம் ரோஷம் இல்லையா இந்தப் பையனுக்கு என்று மனசுக்குள் திட்டிக்கொண்டு ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன்.

திரைக்கு அப்பால் எண்ணெய் விழுகிற சத்தமும் கை இழுக்கிற சத்தமும் கேட்டன. க்ரூபர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, எட்வினிடம் ரகசியமாக ஒன்று சொல்ல வேண்டும் என்றார். ரகசியத்தை நான்தானே சொல்லியாக வேண்டும். ஓட்டலில் அந்த ஆயுர்வேதப் பகுதி கட்டி முடிந்துவிட்டதாம். எட்வின் மட்டும் வரலாம். மனைவி, குழந்தை வேண்டாம். குளிர்காலம் முடியும் வரை வேலை, பிறகு திரும்பிவிடலாம். ஓட்டலின் பின்கட்டிலேயே அறை. "ஊருக்குள் வர வேண்டிய அவசியமே இருக்காது. யார் கண்ணிலும் பட வேண்டாம். தீர்மானத்துக்கும் பங்கம் இல்லை" என்றார். பெரிய உபகாரம் செய்கிற குரல்.

நான் ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். திரைக்கு அப்பால் கைச் சத்தம் நின்றுவிட்டது.

"அப்போ இவருக்கு வேண்டியது எனக்க கை மட்டும்தான், இல்லியா அக்கா?"

"ஆமாம் எட்வின். அவ்வளவுதான் அவர் சொல்றது."

"கையை மட்டும் கழத்திப் பார்சல்ல அனுப்ப முடியாதுன்னு சொல்லுங்க. எனக்க கை வந்தா, எனக்க முகமும் வரும். எனக்க பெண்டாட்டியும் பிள்ளையும் வருவாங்க. வந்து கடைத்தெருவுல நடப்பாங்க. அது பிடிக்காதுன்னா, முதுகு நோவும்போது இவரு இஞ்ச வரட்டு. இஞ்ச யாரும் இவரை வராதேன்னு சொல்ல மாட்டோம். அப்படியே சொல்லுங்க அக்கா."

அப்படியே சொன்னேன். ஜெர்மன் மொழியில் இவ்வளவு தெளிவாக நான் என் ஆயுளில் பேசியதில்லை. க்ரூபரின் குரல் வந்தது, மேடையில் பேசுகிறவரின் குரலாகவே இல்லை. "எட்வினுக்கு என் மேல் கோபமா?" என்று கேட்டார்.

எட்வினிடம் கேட்டேன்.

"கவிழ்ந்து படுக்கச் சொல்லுங்க அக்கா. எண்ணெய் ஆறுது" என்றான் எட்வின்.

துணை மேயர் கவிழ்ந்து படுத்தார்.